முத்திரையில்லாத பக்கங்கள்

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. கல்லடியிலே எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற எனது சிறிய காரை, வாகனத் தரகர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவுகளைத் திறந்து மூடினார். பொனற்றை உயர்த்தி இயந்திரத்தின் ஓசையைக் கேட்டார். ரயர்களை விரலால் அழுத்தினார். குனிந்து அடித்தட்டையும் பார்த்தார். எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தன என்பது முகத்தில் தெரிந்தது. அதன் பின்னரே கையை நீட்டி, "சேர்விஸ் புத்தகத்தைத் தாங்க சேர்" என்றார்.

கொடுத்தேன். முதல் நான்கு பக்கங்களில் ஊதா நிற முத்திரையும் ஒப்பமும் இருந்தன. ஐந்தாம் பக்கத்திலிருந்து ஒன்றுமில்லை. அவர் இரண்டு தடவை பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இங்கால எல்லாம் வெறும் பக்கமாக் கிடக்கே?" என்றார்.

"இருபதினாயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு நானே செய்தேன்" என்றேன்.

"நீங்களா?"

தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்பவனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். நான் 33 இலட்சம் ரூபா சொல்லியிருந்தேன். அவர் 30 என்றார். காரணம் கேட்டபோது ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: "வாங்கிறவன் காரையா பாக்கிறான் சேர்? புத்தகத்தைத்தான் பாக்கிறான்."

மூன்று இலட்சம் ரூபா அக்காலத்தில் எங்களுக்கு ஒரு வீட்டின் கூரை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அக்காரை நான் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் புத்தம் புதிதாக வாங்கினேன். எண்ணூறு கன சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட, இலங்கை வீதிகளில் எவரும் அறிந்த சிறிய ரகம். விலை ஏறத்தாழ 20 இலட்சம் ரூபா; அதிற் பெரும்பகுதி கடன். கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து, நகரையும் ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டி வந்தாறுமூலை வளாகத்துக்குச் செல்வதும் மீள்வதுமே அதன் நாளாந்த உழைப்பு. 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலம் அருகே ஓய்ந்து நிற்க, 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியே வாவியின் மேலாக நாள்தோறும் இருமுறை போய்வந்தது.

முதல் நான்கு சேர்விஸ்களையும் முகவரின் நிலையத்திலே செய்வித்தேன். அந்நிலையம் அயல் மாவட்டத்து நகரொன்றில் இருந்தது. அரை நாள் விடுப்பு எடுத்து, காரை ஒப்படைத்து, கண்ணாடிச் சுவருக்கு இப்பாலிருந்து பழைய வாரப் பத்திரிகைகளை வாசித்து, மாலையில் முத்திரையுடன் திரும்புவேன். கண்ணாடிக்கு அப்பால் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. அறியவேண்டும் என்ற எண்ணமும் அப்போது இருக்கவில்லை.

ஐந்தாவது சேர்விசுக்கு நாள் நெருங்கியபோது கொரோனா வந்தது. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கார் 19,900 கிலோமீற்றரில் முற்றத்து மாமரத்தின் கீழ் நின்றது. எங்கள் மாவட்டத்தில் இடையிடையே சில மணிநேரம் ஊரடங்கு தளர்த்தப்பட்டது. அப்போதெல்லாம் மக்கள் அரிசிக்கும் மருந்துக்கும் ஓடினார்களேயன்றி, சேர்விசுக்கு ஓடவில்லை. ஓடினாலும் நிலையம் பூட்டியிருந்தது. ஓடாமல் நிற்கும் காருக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம் காருக்கன்று, வீட்டுக்குள் அடைபட்டிருந்த எனக்கே. ஆசனத்தின் கீழிருந்த கையேட்டை எடுத்து முதன்முறையாக முழுமையாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அந்தக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நடந்தவை எவையும் மறைபொருள் அல்ல என்பது புலனாயிற்று.

ஊரடங்கு தளர்ந்த ஒரு முற்பகலில் சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனேன். உதிரிப்பாகக் கடைக் காக்கா ஒயில் கலனையும் பில்ற்றரையும் செப்பு வோஷர் ஒன்றையும் கடுதாசிப் பையில் வைத்துத் தந்துவிட்டு, "தம்பி, நட்டைக் கழட்டிறது லேசு, திரும்ப இறுக்கிறதுதான் வேலை" என்றார். அப்போது அது வெறும் பேச்சு என எண்ணினேன்.

ஜக் ஒன்றை மாத்திரம் நம்பி எவரும் காரின் கீழ் படுக்கக்கூடாது. எங்கள் வீட்டில், தங்கையின் வீட்டுக்கு நிலைக்கதவு செய்வதற்கென்று அப்பா வாங்கிவைத்த பாலை மரப் பலகைகள் இருந்தன. அவற்றில் நான்கைப் படிபோல அடுக்கி, முன் சில்லுகளை அதன் மேலேற்றி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்தேன். இயந்திரத்தைச் சற்றுச் சூடாக்கிய பின், கீழே படுத்து நட்டைத் தளர்த்தியதும், கருமையான ஒயில் முதலில் நூலாகவும் பின்னர் தாரையாகவும் இறங்கியது. அதில் ஒரு துளி என் நெற்றியில் விழுந்தது. மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவான அந்த ஒயில் முழுவதும் வடிய இருபது நிமிடம் சென்றது. பழைய பில்ற்றரைக் கழற்றி, புதியதன் இறப்பர் வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையால் மாத்திரம் இறுக்கினேன். புதிய ஒயிலை ஊற்றி, அளவுகோலைத் துடைத்துத் துடைத்து ஐந்து முறை பார்த்தேன். ஐந்தாம் முறையும் அளவு அதுவேதான்.

பழைய ஒயிலை என்ன செய்வது என்பதே பெரும் பிரச்சினையாயிற்று. வாவிக்கரையில் வாழ்பவனுக்கு அதை நிலத்தில் ஊற்ற மனம் வராது. எங்கள் மணலில் ஊற்றுவது எதுவும் அயலவரின் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சிறிதளவை வேலிக்கட்டைகளின் அடியில் கறையானுக்குப் பூசினோம். மீதியைக் கலனிலே அடைத்து வைத்திருந்து, ஊரடங்கு நீங்கிய பின் கராஜ் ஒன்றிற்குக் கொடுத்தேன். வேலிக்குப் பூசியதும் சரியான காரியந்தானா என்ற ஐயம் எனக்கு இன்னும் உண்டு.

ஒயில் மாற்றுவது ஒருவர் தனியே செய்யக்கூடிய வேலை. பிறேக் ஒயில் மாற்றுவது அப்படியன்று. எங்கள் பிரதேசத்தில் அதனை அலட்சியம் செய்யவும் முடியாது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனும் வகை, ஈரமேறாத நிலையில் ஆகக்குறைந்தது 205 பாகை செல்சியசிற் கொதிக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. பிறேக் சூடேறிக் குழாயினுள் ஆவிக்குமிழ் உண்டானால், மிதிக்கும் கால் கீழே இறங்கும், கார் நிற்காது. வாவி ஒருபுறமும் கடல் மறுபுறமுமாக இருக்கும் கல்லடியில் வெயிற் காலத்திலும் காற்றில் ஈரமுண்டு. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என முடிவு செய்தேன். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சில்லருகே அமர்ந்து சிறு திருகைத் திறந்து மூடவேண்டும். தங்கை வந்து ஆசனத்தில் அமர்ந்தாள்.

"மிதி... பிடி... விடாத... இப்ப விடு" என்று நான்கு சில்லுக்கும் நான் கத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது சில்லில் அவள், "அண்ணா, இப்பிடிக் கத்திற நேரம் நான் கீழ இருந்து திருகைத் திறந்திருப்பன், நீங்க மேல வாங்க" என்றாள். நான்காவது சில்லை அவளே செய்தாள். என்னிலும் ஒழுங்காகச் செய்தாள் என்பதையும் எழுதவேண்டும்.

உப்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். எங்கள் கார்களின் உண்மையான எதிரி அதுவே. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதிலுள்ள குளோரைட்டு இரும்பின் மேற்படையை உடைத்துத் துருவுக்கு வழிதிறக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கி வாவி நீர் நன்னீராக மாறும். பாலமீன்மடு முகத்துவாரம் திறக்கும். கோடையில் அதே நீர் கரிக்கும். உறவினரைப் பார்க்கவும் மண்டூர்க் கந்தன் திருவிழாவுக்கும் போகும்போது குருமண்வெளித் துறையில் காரோடு பாதை ஏறுவோம். எங்கள் பகுதியில் இயந்திர ஓடத்தைப் பாதை என்றே சொல்வர். எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைப்பவை அவை. பாதையில் தெறிக்கும் நீர் அடித்தட்டில் ஒட்டிக் காயும். கடந்த மறுநாள், குழாய் நீரால் அடித்தட்டைக் கழுவவேண்டும். எங்கள் கிணற்று நீரே உவர்ப்பாதலால் அதனாற் கழுவுவது சேற்றைச் சேற்றால் துடைப்பதை ஒக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய் நீர் அந்த வகையிலும் எங்களுக்கு வரப்பிரசாதம். முகவரின் சேர்விஸ் பட்டியலில் இப்படி ஒரு வேலை இருக்கவில்லை. அது எல்லா ஊர்களுக்கும் பொதுவாக அச்சிடப்பட்ட பட்டியல்.

இவற்றையெல்லாம் 80 பக்க அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வந்தேன். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, வாங்கிய பொருள், விலை. பற்றுச்சீட்டு அதே பக்கத்தில் ஒட்டப்படும். தமிழிலேயே எழுதவேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு வீறாப்பு இருந்தது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்கு முன்னின்றவர் அல்லவா? அவர் மண்ணில் நின்றுகொண்டு 'ஒயில்' என்று எழுதுவதா? முதற்பக்கத்தில் 'உராய்வுநீக்கி எண்ணெய்', 'வடிகட்டி', 'தடுப்புப் பாய்மம்' என்றெல்லாம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒயில் ஒயிலாயிற்று, பில்ற்றர் பில்ற்றராயிற்று. கடைக்காக்காவிடம் வடிகட்டி கேட்டால் அவர் தேநீர் வடியைத் தருவார். அடிகளார் மன்னிப்பார் என நம்புகிறேன். பாதையில் கடந்த நாட்களில் ஓரத்தில் 'பா.க.' என்று மாத்திரம் குறித்தேன்.

அக்கொப்பியின் பதினேழாம் பக்கம் எனக்கு வெட்கந் தரும் பக்கம். 2021ஆம் ஆண்டில், முப்பதினாயிரம் கிலோமீற்றரில், ஒயில் கசிந்துவிடுமோ என்ற அச்சத்தால் வடிநட்டை அளவுக்கு மேல் இறுக்கினேன். ஸ்பனர் திடீரெனக் கனமிழந்தது. அந்த உணர்வை அநுபவித்தவர் அறிவர். கை சுற்றுகிறது, எதுவும் இறுகவில்லை. மரை அழிந்துவிட்டது. ஒவ்வோர் இரவும் மணலில் ஐந்து சதக் குற்றியளவு கறை படிந்தது. ஆரையம்பதியில் ஒரு கராஜுக்கு மெதுவாக ஓட்டிச் சென்றேன். பாஸ் கீழே பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்தபடி, "சேர், இது நட்டு, ஆனை கட்டுற சங்கிலி இல்ல" என்றார். துளையைச் சற்றுப் பெருப்பித்து, புது மரை வெட்டி, பெரிய நட்டுப் போட்டுத் தந்தார். காத்தான்குடிக் காக்காவின் சொல் அன்றுதான் எனக்கு விளங்கியது. 'என் பிழை. அளவுக்கு மேல் இறுக்கியதால் மரை அழிந்தது. பெரிய நட்டு இடப்பட்டது. இனிக் கசிவில்லை' என்று அப்பக்கத்தில் எழுதி, பாஸின் பற்றுச்சீட்டையும் ஒட்டினேன்.

எனது தாய்வழிப் பாட்டனார் வாவியில் மீன்பிடித்தவர். அவருடைய தோணிக்கு அவரே சுறா எண்ணெய் பூசுவார். அவரே கட்டு மாற்றுவார். அதை வேறொருவருக்கு விற்றபோது, வாங்கியவர் தோணியை அதிகம் பார்க்கவில்லையென்று அம்மா சொல்வார். பாட்டனாரைத் தெரியும்; அதுவே போதுமாயிருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களிடமும் சேர்விஸ் புத்தகம் இருந்திராது. கார் ஓடுகிறது என்பதே சான்று. ஓட்டுபவர் இன்னார் என்பதே முத்திரை. அயலவர் அயலவருக்கு விற்கும்வரை இம்முறை செல்லும். எனது காரை வாங்க வருபவருக்கோ நான் யாரோ ஒருவன். அவர் என் பாட்டனாரை அறியார்.

விற்கும் நிலை வந்தது எவ்வாறு? மட்டக்களப்புத் தேசத்து வழமையில் வீடு மகளுக்குரியது. தங்கைக்குரிய வீட்டை 2021இல் தொடங்கினோம். சுவர் எழுந்தது. 2022இல் நாடு கவிழ்ந்தது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. சீமெந்தும் கம்பியும் ஓடும் நாளுக்கொரு விலை சொல்லின. காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல், அதுவும் கியூஆர் குறியீட்டைக் காட்டினால்தான். கூரையில்லாத சுவர்கள் இரண்டு மாரியை நனைந்து கழித்தன. அப்பா ஓய்வூதியர். கையில் விற்கக்கூடியதாக இருந்தது கார் ஒன்றே.

அதிலும் ஒரு விந்தை. 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2023இலும் நீங்கவில்லை. தனியார் கார்களுக்கு அது தளர்ந்தது 2025 பெப்ரவரியிலேதான். புதிய கார் வராத நாட்டில் பழைய கார் பொன்னாயிற்று. ஐந்தாண்டு ஓடித் தேய்ந்த பொருளுக்கு வாங்கிய விலையிலும் ஒன்றரை மடங்கு கேட்க முடிந்தது. டொலரில் எண்ணிப் பார்த்தால் அம்மகிழ்ச்சி நிலைக்காது: 2018 நடுப்பகுதியில் ஒரு டொலர் 160 ரூபாவை அண்டி நின்றது, 2023 தொடக்கத்தில் 360ஐத் தாண்டியிருந்தது. ஆனால் ஓட்டுக்கடைக்காரர் டொலர் கேட்கவில்லை, ரூபாவே கேட்டார். அதே மாதத்தில், அதே ஆண்டு பதிவான அதே ரகக் காரொன்று, முழு முத்திரைகளோடு எங்கள் தெருவிலேயே 33 இலட்சத்துக்குப் போயிற்று. அதன் அடித்தட்டில் துருவின் செம்மை தெரிந்ததை நான் கண்டேன். வாங்கியவர் புத்தகத்தைக் கண்டார்.

தரகர் போன அன்று மாலை, எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் வந்தார். விடயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா யோசிக்கிறீங்க? நமக்குத் தெரிஞ்ச சேர்விஸ் இடமொண்டு இருக்கு. அஞ்சு முத்திரை, அஞ்சு கையெழுத்து. நீங்க திகதியும் கிலோமீற்றரும் சொன்னாச் சரி" என்றார். அதற்கு அவர் சொன்ன தொகை ஒரு பில்ற்றரின் விலையிலும் குறைவு.

நான் உடனே மறுத்தேன் என்று எழுத விருப்பம். அது உண்மையன்று. அன்றிரவு சேர்விஸ் புத்தகத்தையும் கொப்பியையும் மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பொய்யென்று எதனைச் சொல்வது? ஒயில் மாற்றப்பட்டது உண்மை. பில்ற்றர் மாற்றப்பட்டது உண்மை. செய்தவர் பெயர் மாத்திரமே மாறுகிறது. சன்னலுக்கு வெளியே தெருவிளக்கின் ஒளியில் தங்கையின் வீட்டுச் சுவர்கள் தெரிந்தன. ஒரு தாளில் திகதிகளைப் படியெடுக்கத் தொடங்கினேன். முதலாவது திகதி: 2020 ஏப்ரில் 4. எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த நாளில் இலங்கையில் எந்தச் சேர்விஸ் நிலையம் திறந்திருந்தது? அரிசிக்கடை திறந்ததே பெரிது. எனக்கே சிரிப்பு வந்தது. திகதியை மே மாதத்துக்கு மாற்றலாம். ஆனால் அதை மாற்றினால் கிலோமீற்றரை மாற்றவேண்டும். கிலோமீற்றரை மாற்றினால் அடுத்ததை மாற்றவேண்டும். பாதி உண்மையைக் காக்க எத்தனை பொய் வேண்டும் என்று எண்ணத் தொடங்கியபோதுதான் தாளைக் கிழித்தேன். என்னைத் தடுத்தது அறவுணர்வா, சோம்பலா என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் வளாகத்துச் சிற்றுண்டிச்சாலையில் பொருளியல் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் உற்சாகமடைந்தார்; பொருளியலாளர்கள் பிறர் துன்பத்தில் உதாரணம் கண்டால் உற்சாகமடைவது வழக்கம். ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கர் 1970இல் எழுதிய கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியதே என்றார். மூன்று சஞ்சிகைகள் ஏற்க மறுத்த கட்டுரை. 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. விற்பவனுக்குக் காரின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் நடுத்தரமான ஒரு விலையே சொல்வான். நல்ல கார் வைத்திருப்பவன் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவான். சந்தையில் மிஞ்சுவன கெட்டவை. இது வாங்குபவனின் அறியாமைக்கு மாத்திரமன்று, நல்லதை வைத்திருப்பவனுக்கும் தண்டனை. அதே பரிசைப் பகிர்ந்த மைக்கல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதியதையும் அவர் விளக்கினார்: ஓர் அடையாளம் பயன்படவேண்டுமானால், பொய்யனுக்கு அதைப் பெறுவது கடினமாக இருக்கவேண்டும்.

"அப்படியானால் ஒரு பில்ற்றரின் விலைக்குக் கிடைக்கும் முத்திரைக்கு ஏன் மூன்று இலட்சம்?" என்று கேட்டேன்.

"அது அந்த விலைக்குக் கிடைக்கும் என்று வாங்குபவனுக்கு இன்னும் தெரியாதபடியால்" என்றார்.

இந்த உரையாடலுக்குப் பிறகே விடயம் எனக்குத் தெளிந்தது. காரைக் கவனிப்பது ஒன்று. கவனித்ததற்குச் சாட்சி வைப்பது வேறொன்று. சந்தை விலை கொடுப்பது இரண்டாவதற்கே. முதலாவது எவ்வளவு செம்மையாக இருந்தாலும், காண்பார் இல்லாவிடத்து அது இருட்டிற் செய்த வேலை. தரகரை நான் குறைகூறவில்லை. எனது இடத்தில் ஒரு சோம்பேறி நின்று "நானே செய்தேன்" என்று சொன்னாலும் அவர் கேட்பது அதே சொற்களைத்தான். ஐக்கிய அமெரிக்காவில் 1975இல் நிறைவேறிய உத்தரவாதச் சட்டம், உரிமையாளர் தானே சேர்விஸ் செய்தார் என்ற காரணத்துக்காக மாத்திரம் உத்தரவாதத்தை மறுக்க உற்பத்தியாளருக்கு இடமளிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2002இன் ஒழுங்குவிதியால், முகவரல்லாத கராஜ்களுக்கு வழி திறந்தது. சட்டம் உத்தரவாதத்தைக் காக்கலாம். வாங்க வருபவரின் நெற்றிச் சுருக்கத்தை அங்கும் எந்தச் சட்டமும் நீக்கியிருக்க முடியாது.

ஆகவே முத்திரைக்குப் பதிலாகக் கொப்பியையே முன்வைப்பது என்று தீர்மானித்தேன். அடுத்து வந்த இருவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ஒருவர், "கொப்பியை யாரும் எழுதலாந்தானே" என்றார், நியாயமான கூற்று. வீட்டில், "பதினேழாம் பக்கத்தையாவது எடுத்துவிடு" என்று அப்பா சொன்னார். கம்பித்தைத்த கொப்பி, ஒரு தாளை இழுத்தால் மறுபக்கத்தில் இன்னொரு தாள் கழன்று வரும். விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் மண்டூருக்கு அப்பாலிருந்து வந்த பெரியவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் இயந்திரப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காரைப் பார்க்குமுன் கதிரையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, கொப்பியை முதற் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். தங்கை கொண்டுவந்த தேநீர் ஆறியது. 'உராய்வுநீக்கி எண்ணெய்' வந்த இடத்தில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்தார். பதினேழாம் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பின்பு எழுந்து முற்றத்துக்குப் போய், அந்த வயதிலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலிற் படுத்து, விரலால் அந்த நட்டைத் தடவி, விரலை வெளியே எடுத்து வெயிலில் பார்த்தார். விரல் உலர்ந்திருந்தது.

"தம்பி, இத ஏன் எழுதி வெச்ச நீங்க?"

"மறந்து திரும்பவும் அப்படி இறுக்கிவிடுவேன் என்று, ஐயா."

"எத்தினை பேர் பாத்தாங்க இந்தக் கொப்பிய?"

"நீங்கதான் முதல்."

அவர் 31 என்றார். நான் 33 என்றேன். புத்தகத்தில் முத்திரை இல்லாததைத் தானும் புறக்கணிக்க முடியாது என்றும், நாளைக்குத் தன் பிள்ளைகள் இதை விற்கும்போது இதே கேள்வி வருமென்றும் அவர் மரியாதையாகச் சொன்னார். 31 இலட்சத்து 50,000இல் முடிந்தது.

கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்து சேர்விஸ்களிலும், மரை வெட்டிய கூலியைக் கழித்த பின், நான் மிச்சம் பிடித்தது சுமார் 40,000 ரூபா. விற்பனையில் இழந்தது, அயலவரின் காரோடு ஒப்பிட்டால், 1 இலட்சத்து 50,000. மாணவர் எவரேனும் பணம் மிச்சம் பிடிப்பதற்காகப் புதிய காரைத் தானே சேர்விஸ் செய்ய எண்ணினால், முதல் மூன்று நான்கு ஆண்டு முத்திரைக்குப் போவதே இலாபம் என்பேன். காரை விற்காமலே கடைசிவரை வைத்திருப்பவருக்கு இக்கணக்குப் பொருந்தாது. ஆனால் விற்கமாட்டேன் என்று 2018இல் நானும் எண்ணியிருந்தேன்.

பணத்தை எண்ணித் தந்த பின் பெரியவர் எழவில்லை. "கொப்பி?" என்றார். அது காரோடு போகவேண்டிய பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அலுமாரியில் வைக்க எண்ணியிருந்தேன். கொடுத்தேன். 34 பக்கம் எழுதப்பட்டிருந்தது, மீதி வெறுமை.

ஓடு ஏறியது அவ்வாண்டு யூலையில். பாலைப் பலகைகளில் பிடித்திருந்த ஒயிற் கறையைத் தச்சர் சீவியெடுத்தும் ஒன்றில் மாத்திரம் சிறிது தங்கிவிட்டது. நிலைக்கதவின் உட்புறமாக அதைத் திருப்பி வைத்தார். அதற்குச் சில வாரங்களின் பின் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். கார் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "தம்பி, ஓரத்தில அங்கங்க 'பா.க.' எண்டு போட்டிருக்கிறயளே, அதென்ன? பக்கத்து வீட்டுப் பொடியன் பற்றரிக் கணக்கு எண்டு சொல்லுறான்" என்றார்.

"பாதையில் கடந்தது, ஐயா. மறுநாள் அடித்தட்டைக் கழுவவேணும்."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பேனா ஓடும் ஓசை கேட்டது.

"அப்ப நேத்தைக்கும் ஒண்டு போடவேணும்" என்றார்.